ஹைட்ரோ (மின்சார) பில் கழிவு யாருக்கு? வயது போன பெற்றோர், பேஸ்மென்ற் வாடகை, ஒக்சிசன் மெசின்

வன்னிமகள்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. இரண்டு பேரும் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் தனியாக வாடகைக்கு இருக்கிறார்கள் (எங்கள் அப்பார்ட்மென்ற் சின்னது, பிள்ளைகள் மூன்று பேர், இடம் காணாது). அப்பாவுக்கு சுவாசப்பை வருத்தம், வீட்டில் ஒக்சிசன் மெசின் இரவு பகலாக ஓடுகிறது. வீட்டுக்காரர் வாடகைக்கு மேலே ஹைட்ரோ, காஸ், தண்ணீர் மூன்றிலும் மூன்றில் ஒரு பங்கு வாங்குகிறார், மெசின் வந்த பிறகு ஹைட்ரோவில் பாதி தரவேண்டும் என்கிறார். 65 தாண்டினால் ஹைட்ரோ அரைவிலை, ஒரு போம் நிரப்பினால் போதும் என்று கோயிலில் யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் ஸ்பொன்சரில் வந்து பத்து வருடம் ஆகவில்லை, அதனால் ஓல்ட் ஏஜ் பென்சன் இல்லை. இப்படி ஒரு கழிவு உண்மையில் இருக்கிறதா? இவர்களுக்குக் கிடைக்குமா?

மோர்னிங்சைட்:
இருக்கிறது. எங்கள் மாமிக்கு வருகிறது. காசோலை ஒன்றும் வராது, பில்லிலேயே கழித்துவிடுவார்கள். போடச் சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை:
தங்கச்சி, அவசரப்பட்டு போம் நிரப்ப வேண்டாம், முதலில் இதை வாசியுங்கோ. நான் வரிக் காலத்தில் வயோதிபர்களுக்கு இலவசமாக வரி செய்து கொடுக்கும் இடத்தில் உதவிக்கு நிற்கிறவன், இந்தக் கேள்வி எங்கள் ஆட்களிடமிருந்து வராத நாளே இல்லை.

கோயிலில் சொன்னது பாதி சரி, பாதி கதை. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் மின்சாரத்துக்கு ஓ.ஈ.எஸ்.பி. என்ற உதவித் திட்டம் இருக்கிறது. 2016 ஜனவரியில் தொடங்கியது, ஒன்ராறியோ எரிசக்தி வாரியம் நடத்துகிறது. ஆனால் அது வயதுக்கான திட்டம் இல்லை, வருத்தத்துக்கான திட்டமும் இல்லை. 65 வயதா, ஊனமுற்றவரா, பென்சன் எடுக்கிறவரா என்பதை வைத்து அதில் தகுதியைத் தீர்மானிப்பதில்லை. கேட்பது இரண்டே விசயம்தான்: அந்தக் கூரைக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறீர்கள், எல்லாருக்கும் சேர்த்து வரி போக மிச்ச வருமானம் எவ்வளவு. 2024 மார்ச்சில் எல்லையை உயர்த்தினார்கள், இப்போது கணவன் மனைவி இரண்டு பேர் என்றால் 38,000 டொலர் வரை, இரண்டு பிள்ளைகளோடு நான்கு பேர் என்றால் 65,000 வரை. அரைவிலை என்பதெல்லாம் இல்லை, ஒரு நிலையான தொகைதான், மாதம் 35 டொலரிலிருந்து 75 வரை. நீங்கள் எவ்வளவு மின்சாரம் பாவித்தாலும் அதே தொகை.

உங்கள் அப்பாவின் விசயத்துக்கு வருகிறேன். வீட்டில் ஒக்சிசன் மெசின், சிறுநீரக டயலிசிஸ் மெசின், சுவாசத்துக்கான வென்டிலேற்றர் ஓடினால் கழிவு கூடும், அது 52இலிருந்து 113 டொலர் வரை. வீட்டை மின்சாரத்தில் சூடாக்குகிறவர்களுக்கும் பூர்வகுடி மக்களுக்கும் அதே கூடின அளவு. இதையும் கேட்டு வாங்கவேண்டும், அவர்களாகப் போடமாட்டார்கள். போமில் அந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் சாதாரணக் கழிவோடு இருக்கிற எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன்.

பென்சன் இல்லாதது தடை இல்லை. வருமானத்தை சீ.ஆர்.ஏ.யிடம் (கனடா வரித் திணைக்களம்) நேராகக் கேட்டுப் பார்ப்பார்கள், அதனால் வருமானமே இல்லாவிட்டாலும் இரண்டு பேரும் வரி செய்திருக்க வேண்டும். "எங்களுக்கு ஒரு சதம் வருமானம் இல்லை, பிறகு என்னத்துக்கு வரி" என்று விட்டுவிடுகிற வயது போனவர்கள்தான் இந்த நாட்டில் அதிகம் இழக்கிறார்கள்.

ஆனால், நீங்கள் சொன்னதில் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருக்கிறது. ஹைட்ரோ கணக்கு யாருடைய பெயரில்?

வன்னிமகள்:
வீட்டுக்காரரின் பெயரில்தான் அண்ணை. முழு வீட்டுக்கும் ஒரே மீற்றர்.

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் கிடைக்காது. இதை மனம் நோகாமல் சொல்ல ஒரு வழியும் இல்லை. கழிவு கணக்கு வைத்திருக்கிறவரின் பில்லில்தான் விழும், விண்ணப்பிக்க வேண்டியவரும் அவர்தான். வாடகைக்குள் மின்சாரம் அடங்கினவர்களும் சரி, வீட்டுக்காரருக்குப் பங்கு கொடுக்கிறவர்களும் சரி, திட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள். ஸ்காபரோவிலும் மார்க்கமிலும் ஏஜாக்ஸிலும் எங்கள் அப்பா அம்மாக்களில் எத்தனை பேர் இந்த மாதிரி பேஸ்மென்றில் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கோ. கட்டாயம் தேவையான ஆட்களுக்கே கதவு பூட்டு.

எல்ஸ்மியர்_சிவா:
இதைவிடப் பெரிய அநியாயம் இருக்கிறது. என்னுடைய அம்மா என்னோடு இருக்கிறா. வீடு என் பெயரில், கணக்கும் என் பெயரில். நானும் மனைவியும் வேலை, இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு நடக்க ஏலாது, கட்டிலும் மின்சாரம், தூக்கும் மெசினும் மின்சாரம், குளிர் தாங்கமாட்டா. எங்கள் இரண்டு பேரின் சம்பளத்தையும் அம்மாவின் கணக்கில் சேர்த்துப் பார்த்து "உங்களுக்கு வசதி இருக்கிறது" என்கிறார்கள். அம்மாவை ஒரு அப்பார்ட்மென்றில் தனியாக விட்டிருந்தால் அவவுக்குக் கழிவு கிடைத்திருக்கும். வைத்துப் பார்க்கிறவனுக்குத் தண்டனையா?

மல்லாகம்_வதனி:
சிவா அண்ணை, கோபம் நியாயம்தான், ஆனால் பில்லைக் கட்டுவது நீங்கள், கழிவும் உங்களுக்குத்தான் வரும். அதனால் உங்கள் வருமானத்தைப் பார்க்கிறார்கள். இதே வாதத்தை வைத்தால் இரண்டு லட்சம் உழைக்கிறவரும் மாடியில் அம்மாவை இருத்திவிட்டு கழிவு கேட்பார்.

எல்ஸ்மியர்_சிவா:
இரண்டு லட்சம் உழைக்கிறவனைப் பற்றி நான் கதைக்கவில்லை. கையில் மிஞ்சுவது எழுபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே, மோட்கேஜ் (வீட்டுக்கடன்) போக என்ன இருக்கிறது? மோட்கேஜை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. காருக்குக் கட்டுவதையும் எடுப்பதில்லை.

கணக்குப்பிள்ளை:
ஆட்கள் கூடினால் எல்லையும் கூடும் என்பதை மறக்க வேண்டாம், நீங்கள் ஐந்து பேர். ஒருமுறை அவர்களின் இணையப் பக்கத்தில் இப்போதைய அட்டவணையைப் பாருங்கோ, சம்பளத்தாளின் மேலே இருக்கிற தொகையை வைத்து இல்லாமல் வரி போன தொகையை வைத்துப் பாருங்கோ. எங்கள் ஆட்களில் அரைவாசிப்பேர் மொத்தச் சம்பளத்தைப் பார்த்துவிட்டு தங்களுக்கு இல்லை என்று தாங்களே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இன்னொன்று, 16 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லாரும் வருமானத்தைப் பார்க்கச் சம்மதிக்க வேண்டும். மகன் கையெழுத்து வைக்கப் பஞ்சிப்பட்டு மாதக்கணக்கில் போம் மேசையில் கிடந்த வீடுகளும் உண்டு.

சக்கரநாற்காலி_தோழி:
நான் ஓ.டீ.எஸ்.பி. (ஊனமுற்றவர்களுக்கான மாகாண உதவிப்பணம்) எடுக்கிறவள், கொண்டோ ஒன்றில் வாடகைக்குத் தனியாக இருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீற்றர், பில்லை ஒரு தனியார் கம்பனி அனுப்பும். "உங்களுக்கு ஹைட்ரோ கம்பனி இல்லை, அதனால் கழிவு இல்லை" என்று ஆரம்பத்தில் எனக்குச் சொன்னார்கள், அது பிழை. அப்படிப்பட்ட துணை மீற்றர் கம்பனிகளின் வாடிக்கையாளர்களுக்கும் ஓ.ஈ.எஸ்.பி. உண்டு, கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் போதும். இந்தக் கொண்டோக்களில் இருக்கிற வயது போனவர்கள் பலருக்கு இது தெரியாது.

இரண்டாவது, கழிவு ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் வரும் என்று இருந்துவிட வேண்டாம். பொதுவாக இரண்டு வருடத்தில் முடிந்துவிடும், திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு முடிந்தது தெரியாமல் பில் எகிறின பிறகுதான் தெரியவந்தது, கம்பனிக்கு அடித்தால் "நாங்கள் கடிதம் போட்டோம்" என்கிறார்கள். கையோடு பழைய நிலுவைக்குத் தவணையும் கேட்டேன். வீடு மாறினாலும் அதே கதைதான், புதுக் கணக்குக்குத் தானாக ஓடி வராது.

மூன்றாவது, ஊனமுற்றவர்கள் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டியது. மின்சாரத்தை வெட்டினால் உடம்புக்குக் கேடு வரும் என்று வைத்தியரின் கடிதத்தை முன்கூட்டியே கம்பனிக்குக் கொடுத்து வைத்தால், காசு பிந்தினாலும் 60 நாள் அறிவித்தல் தராமல் வெட்டமுடியாது. கணக்குக்காரருக்கு வருத்தம் இருக்கவேண்டும் என்று இல்லை, அந்த வீட்டில் இருக்கிற யாருக்கென்றாலும் சரி. நவம்பர் 15இலிருந்து ஏப்ரல் 30 வரை வீடுகளுக்கு மின்சாரம் வெட்டவே கூடாது, அது எல்லாருக்கும் பொது. அதை நம்பி குளிர்காலம் முழுக்கக் கட்டாமல் விட்டால் மே மாதம் மொத்தமாக வந்து நிற்கும், அதுவும் சொல்லிவிடுகிறேன்.

மோர்னிங்சைட்:
நிலுவை ஏறினவர்களுக்கு லீப் என்று ஒரு உதவிப்பணம் இருக்கிறது. ஒரு வருடத்தில் ஒரு தடவை, அவசரத்துக்கு. ஹைட்ரோவுக்கும் காஸுக்கும் இரண்டுக்கும் உண்டு. ஓ.ஈ.எஸ்.பி. காஸுக்குக் கிடையாது, அதைப் பலர் குழப்புகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி. ஆனால் லீப்புக்கும் கணக்கு சொந்தப் பெயரில் இருக்கவேண்டும். வருமானம் குறைந்தவர் என்று பதிவானால் வைப்புப் பணம் கேட்கமாட்டார்கள், நிலுவையைக் கட்டக் கூடின காலம் தருவார்கள், இவை லீப் எடுக்காவிட்டாலும் கேட்கலாம்.

பேர்ச்மவுண்ட்_ஐயா:
எனக்கு 68. சொந்த வீடு, நானும் மனைவியும் மட்டும். தண்ணீர் பில்லில் கழிவு இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், அது என்ன?

மல்லாகம்_வதனி:
ஐயா, அது மாகாணத் திட்டம் இல்லை, ரொறன்ரோ மாநகரசபையின் திட்டம். நீங்கள் ரொறன்ரோவுக்குள் இருந்தால்தான். இதில்தான் உண்மையாகவே வயதும் ஊனமும் கணக்கில் வருகிறது: 65 வயதோ அதற்கு மேலோ, அல்லது 60 முதல் 64 வரை இருந்து ஓல்ட் ஏஜ் பென்சன் சட்டத்தின் கீழ் குறைந்த வருமானத்துக்கான உதவிப்பணம் எடுக்கிறவர், அல்லது ஓ.டீ.எஸ்.பி. மாதிரி ஊன உதவி எடுக்கிறவர். வருமான எல்லை உண்டு, அதை மாற்றிக்கொண்டு வருகிறார்கள், பழைய தாளைப் பார்த்து ஏமாற வேண்டாம். வருடத்துக்கு 400 கன மீற்றருக்குக் குறைவாகத் தண்ணீர் பாவித்திருக்க வேண்டும், அப்போது தண்ணீர்க் கட்டணத்தில் 30 வீதம் குறையும். சொத்து வரி உயர்வைத் தள்ளுபடி செய்யும் அல்லது பின்போடும் திட்டமும் அதே விண்ணப்பத்தில்தான், கடைசித் திகதி ஒக்ரோபர் 31.

பேர்ச்மவுண்ட்_ஐயா:
400 கன மீற்றர் என்றால் எவ்வளவு பிள்ளை, எனக்கு லீற்றரில் சொல்லுங்கோ.

மல்லாகம்_வதனி:
நான்கு லட்சம் லீற்றர் ஐயா. நாளைக்கு ஆயிரத்து நூறு லீற்றர் அளவு. நீங்கள் இரண்டு பேரும் தோட்டத்துக்கு விட்டாலும் அதைத் தாண்டமாட்டீர்கள். ஆனால் கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம் வைத்திருக்கிற வயது போன வீட்டுக்காரர்கள் தாண்டிவிடுவார்கள். ஒழுகுகிற கொமோட் ஒன்று போதும், அதைத் திருத்துங்கோ.

பேர்ச்மவுண்ட்_ஐயா:
கீழே ஒருவரும் இல்லை. இருந்தவர் போய்விட்டார். நன்றி பிள்ளை.

எல்ஸ்மியர்_சிவா:
ஐயா, கவனம். இந்தக் கழிவுகளைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்களை உள்ளே விடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு வயோதிபரிடம் "அரசாங்கம் சீனியருக்கு பில் குறைக்கிறது, கடைசி பில்லைக் காட்டுங்கோ" என்று தமிழிலேயே கதைத்து, கையெழுத்து வாங்கி, வீட்டைச் சூடாக்கும் புது ஃபேர்னஸ் ஒன்றை வாடகைக்குப் பூட்டிவிட்டுப் போனார்கள். மாதாமாதம் காசு.

கணக்குப்பிள்ளை:
2017 ஜனவரியிலிருந்து வாசலுக்கு வந்து மின்சார, காஸ் ஒப்பந்தம் எழுதுவது ஒன்ராறியோவில் தடை. 2018 மார்ச்சிலிருந்து ஃபேர்னஸ், குளிரூட்டி, சுடுநீர்த் தாங்கி எல்லாவற்றுக்கும், நீங்கள் கூப்பிடாமல் வந்து எழுதினால் அந்த ஒப்பந்தம் செல்லாது. ஓ.ஈ.எஸ்.பி. ஆட்கள் ஒருநாளும் வாசலுக்கு வரமாட்டார்கள். வீட்டுக்கு வருகிறவரிடம் பில்லைக் காட்டினாலே கணக்கு இலக்கம் போய்விடும். உண்மையான இலவசத் திட்டமும் ஒன்று உண்டு, வருமானம் குறைந்தவர்களுக்குப் பழைய குளிர்சாதனப் பெட்டியை மாற்றித் தருவது, விளக்குகள் தருவது, அதற்கு நீங்களாகப் பதியவேண்டும். வாடகைக்கு இருக்கிறவர்களும் போடலாம், வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும்.

வன்னிமகள்:
எல்லாம் வாசித்தேன். அப்போ அப்பா அம்மாவுக்கு ஒன்றுமே இல்லையா? வீட்டுக்காரரிடம் ஹைட்ரோ கணக்கை அப்பாவின் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டால் என்ன?

மோர்னிங்சைட்:
சிலர் அப்படிச் செய்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
செய்யவேண்டாம். ஒரே மீற்றர் என்றால் மேல்வீட்டுப் பில்லுக்கும் உங்கள் அப்பா பொறுப்பு. அவர்கள் தராவிட்டால் நிலுவை அப்பாவின் தலையில்.

ஆனால் ஒன்றுமே இல்லை என்று இல்லை. முதலாவது, வாடகைக்கு இருக்கிறவர்களுக்கான வழி வரிக்குள் இருக்கிறது. வரி செய்யும்போது ஓ.என்.-பென் என்ற தாளில் வருடம் முழுக்கக் கட்டின வாடகையை எழுதினால், ஒன்ராறியோவின் எரிசக்தி மற்றும் சொத்து வரிச் சலுகை கிடைக்கும். அது ட்ரில்லியம் பெனிஃபிற் என்ற பெயரில் மாதம் 10ஆம் திகதி வங்கிக்கு வரும், தொகை சின்னதென்றால் ஒரே தடவையில். இதற்கு ஹைட்ரோ கணக்கு யார் பெயரில் என்று கேட்பதில்லை. 65 தாண்டினவர்களுக்கு உச்ச அளவும் கூட. அம்மா அப்பா வரி செய்தார்களா, அந்தத் தாள் நிரப்பினார்களா?

வன்னிமகள்:
வரி செய்தது. வாடகை எழுதவில்லை. வரி செய்தவர் ரசீது இருக்கா என்று கேட்டார், வீட்டுக்காரர் ரசீது தரமாட்டார், காசாகத்தான் வாங்குகிறார்.

நல்லூர்_கடை:
நான் வீட்டுக்காரன். என் பேஸ்மென்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள். ரசீது கொடுத்தால் எங்களுக்குத்தான் தலையிடி, அதை வருமானமாகக் காட்டவேண்டும், மோட்கேஜ் வட்டி ஏறிக் கிடக்கிறது, வாடகையும் குறைத்துத்தான் கொடுக்கிறோம். எல்லாரும் வீட்டுக்காரனைத் திருடன் மாதிரிக் கதைப்பது சரியில்லை.

சக்கரநாற்காலி_தோழி:
திருடன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வரி கட்டாமல் மிச்சம் பிடிக்கிற காசு கீழே இருக்கிற கிழவியின் சலுகையிலிருந்து வருகிறது, அதைத்தான் சொல்கிறோம். வட்டி, காப்புறுதி, திருத்தவேலை எல்லாவற்றிலும் வாடகைப் பங்கைச் செலவாகக் கழிக்கலாம், அப்படிக் கழித்துப் பார்த்தால் பலருக்குக் கட்டவேண்டிய வரி பெரிதாக வராது. கேட்டுப் பாருங்கோ.

கணக்குப்பிள்ளை:
சட்டப்படி, வாடகைக்காரர் கேட்டால் வீட்டுக்காரர் இலவசமாக ரசீது கொடுக்கவேண்டும். சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு பகிர்கிறவர்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது. தங்கச்சி, அப்பாவை இனிமேல் வாடகையைக் காசாகக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லுங்கோ, ஈ-ட்ரான்ஸ்ஃபர் அல்லது செக். வரியோடு ரசீதை அனுப்பத் தேவையில்லை, பிறகு கேட்டால்தான் காட்டவேண்டும், வங்கித் தாள் இருந்தால் அதுவும் ஆதாரம்தான். பழைய வருடங்களுக்கும் ஆதாரம் இருந்தால் திருத்தம் போடலாம்.

இரண்டாவது, பாதி கேட்கிறார் என்றீர்களே. மூன்றில் ஒரு பங்கு என்று பேசி இருந்தால் நடுவில் தன்பாட்டில் மாற்ற அவருக்கு உரிமை இல்லை. சண்டை வேண்டாம், கணக்கைக் காட்டுங்கோ. வீட்டில் வைக்கிற ஒக்சிசன் மெசின் பெரும்பாலும் 300, 350 வாற்ஸ் எடுக்கும். அப்பாவின் மெசினின் பின்பக்கம் எழுதியிருக்கும், பாருங்கோ. நாள் முழுக்க ஓடினால் மாதம் 220இலிருந்து 250 கிலோவாற் மணி அளவு வரும். அந்தத் தொகையை மட்டும் பங்குக்கு மேலே தருகிறோம் என்று சொன்னால் நியாயமாக இருக்கும், முழு வீட்டின் பாதியைக் கட்ட ஒரு காரணமும் இல்லை.

மூன்றாவது உங்களுக்கானது. ஒக்சிசன் மெசினுக்குப் பாவிக்கிற மின்சாரச் செலவை மருத்துவச் செலவாக வரியில் போடலாம், சீ.ஆர்.ஏ.யின் பட்டியலிலேயே மின்சாரம் உட்பட என்று இருக்கிறது. அப்பாவுக்கு வருமானம் இல்லாததால் அவருடைய வரியில் போட்டுப் பிரயோசனம் இல்லை. அப்பா உங்கள் உழைப்பில் தங்கியிருக்கிறவர் என்றால், அந்தச் செலவை நீங்கள் கட்டி உங்கள் வரியில் போடலாம். மெசினுக்கான தனிக் கணக்கை எழுதி வீட்டுக்காரரிடம் மாதாமாதம் கையெழுத்து வாங்கினால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். மெசினின் செலவை மாகாணத்தின் உதவிக் கருவித் திட்டம் 65 தாண்டினவர்களுக்கு முழுதாக ஏற்கிறது, அதற்கு நீங்கள் கையிலிருந்து கட்டுவதாக இருந்தால் ஏன் என்று மெசின் தந்த கம்பனியிடம் கேளுங்கோ.

வன்னிமகள்:
மெசினுக்குக் காசு கட்டுவதில்லை அண்ணை. மின்சாரத்தை வரியில் போடலாம் என்று இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இல்லை, வாயால் பேசினதுதான், அது செல்லுமா?

மல்லாகம்_வதனி:
வாய்ப் பேச்சு ஒப்பந்தமும் செல்லும். மூன்றில் ஒன்று என்று இவ்வளவு காலமும் வாங்கினாரே, அதுவே ஆதாரம். இனி ஹைட்ரோ காசு அனுப்பும்போது ஈ-ட்ரான்ஸ்ஃபரின் குறிப்பில் "ஹைட்ரோ, மூன்றில் ஒரு பங்கு, இன்ன மாதம்" என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கோ.

நல்லூர்_கடை:
மெசின் கணக்கைத் தனியாகத் தந்தால் நான் என்றால் ஒத்துக்கொள்வேன். 250 யூனிற் என்று தாளில் காட்டினால் யாரும் பாதி கேட்கமாட்டார்கள். கணக்குப்பிள்ளை அண்ணை, வாடகையில் வட்டியைக் கழிக்கிற விசயம் பற்றி உங்களுக்குத் தனியாக ஒரு செய்தி போட்டிருக்கிறேன், நேரம் இருக்கும்போது பாருங்கோ.